ஆன்லைன் சேவைக்கும் ஒரு புயல் கூண்டு: நிலவரப் பக்கம் என்றால் என்ன?

ஆவணி மாதம், பெரிய முகூர்த்தத்துக்கு முந்தைய நாள். கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை. சீர்வரிசை வாங்க இரண்டு வீட்டார் வந்திருக்கிறார்கள். ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு தராசில் ஏறி இறங்கிவிட்டது, எடை சொல்லியாயிற்று, விலையும் பேசி முடித்தாயிற்று. பில் மட்டும் வரவில்லை. திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் மோடத்தை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பையனை மாடிக்கு அனுப்பி ஒயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் எங்களுக்குப் போன் செய்தார்.

"தம்பி, எங்க நெட் போச்சா, உங்க சாப்ட்வேர் போச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் அண்ணே, பாத்துட்டு சொல்றேன்" என்றேன். அது பொய். கடைகளுக்கு ஆன்லைனில் பில் போடும் மென்பொருள் நடத்துகிற சின்ன நிறுவனம் எங்களுடையது. கோளாறு எங்கள் பக்கம்தான் என்பது எங்களுக்கு அரைமணி நேரமாகத் தெரியும். அவர் போன் செய்வதற்கு முன்பே எங்கள் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தை, அதாவது சேவை ஓடுகிறதா இல்லையா என்று காட்டும் நிலவரப் பக்கத்தை, திறந்து பார்த்திருக்கிறார். அதில் பச்சை வட்டம், பக்கத்தில் 'ஆல் சிஸ்டம்ஸ் ஆபரேஷனல்', அதாவது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, என்று ஒரு வரி. அதை நம்பித்தான் மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டிருக்கிறார். பக்கம் ஒன்று இல்லாமலே இருந்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் மிச்சம்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் காது கொடுத்துக் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் பேசுகிறார்கள். பாதிப் பேருக்கு ஸ்டேட்டஸ் என்றால் வாட்ஸ்அப்பில் வைக்கும் படம். முதலாளிகளுக்கு அது 'நாங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்று காட்டும் விளம்பரப் பலகை. கணினி ஆட்களுக்கு, ஒருமுறை நிறுவிவிட்டால் தானாக ஓடும் இயந்திரம். மூன்றும் சரியில்லை.

மேட்டூர் நிலவரம்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. தினமும் காலையில் ஒரு நிலவரப் பக்கத்தைப் பார்த்துத்தான் நாம் டீ குடிக்கிறோம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர்வரத்து வினாடிக்கு இவ்வளவு கன அடி, நீர் இருப்பு இவ்வளவு டி.எம்.சி., வெளியேற்றம் இவ்வளவு. அவ்வளவுதான் செய்தி. முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான். அதனால் இன்றைய எண்ணைப் பார்த்ததும் நல்லதா கெட்டதா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நான்கு எண்களில் என்ன இல்லை என்பதையும் பாருங்கள். அணை எவ்வளவு உறுதியானது என்ற பெருமை இல்லை. 1934-ல் கட்டி முடித்த வரலாறு இல்லை. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், இந்த ஆண்டு திறக்கத் தண்ணீர் இல்லை என்றால், இல்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடும். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் விவசாயி அதைப் படித்துவிட்டு குறுவைக்கு நாற்று விடலாமா, போர்செட்டை நம்பலாமா, சம்பாவுக்கே போய்விடலாமா என்று முடிவு செய்கிறார். அணையில் வேலை பார்ப்பவருக்காக எழுதிய எண் அல்ல அது. தண்ணீருக்காகக் காத்திருப்பவருக்காக எழுதியது.

ஆன்லைன் சேவையின் நிலவரப் பக்கமும் இதேதான். ஒரு சேவை இப்போது இயங்குகிறதா, இல்லையென்றால் எது இயங்கவில்லை, எப்போதிலிருந்து, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பயன்படுத்துகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வைத்திருக்கும் பொதுவான பக்கம். லாகின் கேட்கக் கூடாது. யார் திறந்தாலும் தெரிய வேண்டும். பாத்திரக்கடை அண்ணன் கேட்டாரே, 'உங்க பக்கமா, எங்க பக்கமா' என்று? அந்த ஒரு கேள்விக்குப் பத்து விநாடியில் பதில் சொல்லிவிட்டால் பக்கத்தின் வேலை முக்கால்வாசி முடிந்தது.

கல்லணையில் நான்காகப் பிரிவது போல

மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்பதால் என் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். செய்தியில்கூட அப்படித்தான் போடுவார்கள்: காவிரியில் இவ்வளவு கன அடி, வெண்ணாற்றில் இவ்வளவு, கல்லணைக் கால்வாயில் இவ்வளவு என்று. ஒரத்தநாட்டுக்காரர் கல்லணைக் கால்வாய் எண்ணைப் பார்ப்பார். மற்ற எண்கள் அவருக்கு ஊர் நியாயம்.

ஒரு ஆன்லைன் சேவையையும் இப்படிப் பிரித்துக் காட்ட வேண்டும். பிரித்த ஒவ்வொரு பகுதியையும் 'கூறு' என்று வைத்துக்கொள்வோம். எங்கள் மென்பொருளில் பில் போடுவது ஒரு கூறு, பழைய பில் பார்ப்பது ஒரு கூறு, சரக்கு இருப்பு ஒன்று, மாதாந்திர வரிக் கணக்கு ஒன்று, எஸ்.எம்.எஸ். அனுப்புவது ஒன்று. வரிக் கணக்கு நின்றுபோனால் கடைக்காரருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பில் நின்றுபோனால் கல்லாவே நின்றுவிடும். இரண்டையும் ஒரே சிவப்பு விளக்கில் காட்டினால் யாருக்கும் பயனில்லை.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். உள்ளே கணினிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ அப்படியே கூறுகளுக்குப் பெயர் வைப்பது. 'டேட்டாபேஸ் 2', 'கியூ சர்வர்' என்றெல்லாம் எழுதியிருந்தோம். தன் பில் எந்த 'கியூ'வில் நிற்கிறது என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் என்ன வேலையைச் செய்ய வருகிறாரோ அந்த வேலையின் பெயர்தான் கூறுக்குப் பெயர். ஆறேழு கூறு போதும். முப்பது கூறு வைத்தால் அது பக்கம் அல்ல, பஞ்சாங்கம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். நிலவரப் பக்கம் என்பது பயன்படுத்துகிறவருக்கான செய்தி. அவர் முடிவெடுக்க அது உதவ வேண்டும். அவருடைய வேலைகளின் பெயரில் அது பிரிந்திருக்க வேண்டும். இனி, பச்சை எப்படிப் பொய் சொல்கிறது என்று பார்ப்போம்.

பச்சை எப்படிப் பொய் சொன்னது?

ஆற்றங்கரையில் லஸ்கர் என்று ஒரு பணியாளர் இருப்பார். மதகு, ஷட்டர், கரை எல்லாம் அவர் பார்வையில். அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து மேலே சொல்வார். அது துறைக்குள் போகும் தகவல். ஊருக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடுவது வேறு ஒரு முடிவு. அந்த அளவைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வது.

கணினியில் லஸ்கர் வேலையைச் செய்வது கண்காணிப்பு மென்பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை சேவையைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் சரி, வராவிட்டால் பொறுப்பாளரின் போனுக்கு மணி அடிக்கும். நிலவரப் பக்கம் என்பது ஊருக்கு விடும் எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் கணினி ஆட்கள் செய்யும் குழப்பம். கண்காணிப்பு பச்சை என்றால் பக்கமும் பச்சை என்று ஒயரைப் போட்டு இணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். எங்கள் கண்காணிப்பு தட்டிப் பார்த்தது முகப்புப் பக்கத்தை. அது திறந்தது. பழைய பில்களும் திறந்தன. புதிய பில் மட்டும் பதிவாகவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: கணக்கு வைத்திருக்கும் சர்வரில், அதாவது வாடிக்கையாளர்கள் எல்லாரும் இணையம் வழியாக வந்து சேரும் எங்கள் மையக் கணினியில், வட்டு நிரம்பிவிட்டது. யாரும் துடைக்காமல் விட்ட பழைய பதிவேட்டுக் கோப்புகள் அத்தனை இடத்தையும் பிடித்துக்கொண்டன. பத்தாயம் நிரம்பிவிட்டால் எடுக்கலாம், போட முடியாது. எங்கள் இயந்திரம் பத்தாயத்தின் கீழ்வாயைத் திறந்து பார்த்து 'நெல் வருகிறது, எல்லாம் சுகம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால் இரண்டு திருத்தம் செய்தோம். ஒன்று, இயந்திரம் முகப்பைத் தட்டுவதை விட்டுவிட்டு, ஒரு பொய்க் கடையின் பேரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிஜமாகவே ஒரு பில் போட்டுப் பார்க்கிறது. அந்தப் பொய்க் கடையில் இதுவரை லட்சக்கணக்கான ரூபாய்க்கு ஒரே குடம் விற்றிருக்கிறது. இன்னொன்று, மணி அடித்ததும் ஒரு மனிதர் பார்த்து, கோளாறு உண்மைதான் என்று தெரிந்த பத்து நிமிடத்துக்குள் பக்கத்தில் முதல் வரியை எழுத வேண்டும். காரணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 'பில் பதிவாகவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்' போதும்.

எழுதும் ஆள் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். சரிசெய்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் ஒன்று வேலை நிற்கும், அல்லது எழுத்து நிற்கும். பெரும்பாலும் எழுத்துதான் நிற்கும். எங்கள் அலுவலகத்தில் இதை இப்போது கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் செய்கிறார். கணினி மொழி அவருக்குத் தெரியாது என்பதே பெரிய வசதி. அவருக்குப் புரியும்வரை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது, அவருக்குப் புரிந்தால் கடைக்காரருக்கும் புரிகிறது.

வெள்ளத்தில் மூழ்கும் மேட்டில் எச்சரிக்கைப் பலகை வைக்கலாமா?

பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைவிட, அந்தப் பக்கம் எங்கே குடியிருக்கிறது என்பது முக்கியம். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை.

2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை அமெரிக்காவின் ஒரு பெரிய வட்டாரத்தில் நின்றுபோனது. உலகத்தில் எண்ணற்ற இணையதளங்கள் தங்கள் படங்களையும் கோப்புகளையும் வைத்திருக்கும் இடம் அது. சில சர்வர்களை மட்டும் எடுக்க நினைத்து ஒரு பொறியாளர் கட்டளையைத் தவறாகத் தட்ட, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் போய்விட்டன. சரி, தவறு யாருக்கும் வரும். வேடிக்கை அடுத்தது. அமேசானின் நிலவரப் பக்கத்தில் நிறத்தை மாற்றும் ஏற்பாடும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது. சுமார் இரண்டு மணி நேரம் அவர்களால் அந்தக் குறிகளை மாற்ற முடியவில்லை. உலகமே தடுமாறிக்கொண்டிருக்க, பக்கம் பச்சையாகச் சிரித்தது. ட்விட்டரில்தான் எழுத வேண்டியிருந்தது.

2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம் போல் நின்றது நினைவிருக்கும். நம் ஊரில் எத்தனை பேர் போனை அணைத்துப் போட்டிருப்பார்கள்! அன்றைக்கு இணையத்தில் அந்த நிறுவனத்துக்குப் போகும் வழிகளே காணாமல் போயின. சரிசெய்யப் பயன்படும் உள்கருவிகளும் சேர்ந்து படுத்துவிட்டன. அவர்களும் ட்விட்டரில் போய்த்தான் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆகவே விதி ஒன்றுதான்: சேவை எதையெல்லாம் நம்பி இருக்கிறதோ, அதில் எதையும் நிலவரப் பக்கம் நம்பக் கூடாது. பக்கம் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்க வேண்டும். முடிந்தால் வேறு டொமைனில் இருக்க வேண்டும். டொமைன் என்பது நாம் உலாவியில் தட்டும் முகவரிப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டு 'இந்தச் சர்வருக்குப் போ' என்று வழிகாட்டும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். தபால்காரரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வராவிட்டால், ஒரே முகவரியின் கீழ் இருக்கும் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் கடிதம் வராது. எழுதும் ஆள் உள்ளே நுழைவதற்கான கடவுச்சொல் ஏற்பாடும் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று, பக்கம் இலேசாக இருக்க வேண்டும். சாதாரண நாளில் அதை நாலு பேர் பார்ப்பார்கள். கோளாறு வந்த அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து மொய்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைத்துப் பரிமாறும் பக்கமாக இருந்தால் அதுவும் விழுந்துவிடும். முன்பே சமைத்து வைத்த பொட்டலமாக, அதாவது எழுதி முடித்த வெறும் கோப்பாக, இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்கொடுக்கலாம்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் விதி விளையாடும். 2025 நவம்பர் 18-ல், ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் நின்று காவலும் வேகமும் கொடுக்கும் கிளவுட்பிளேர் நிறுவனத்தின் சேவை விழுந்தபோது, முற்றிலும் வெளியே வைத்திருந்த அவர்களுடைய நிலவரப் பக்கமும் அதே நேரம் திறக்காமல் போனது. தற்செயல்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர்களுடைய ஆட்களே, யாரோ இரண்டையும் சேர்த்துத் தாக்குகிறார்களோ என்று சந்தேகப்பட்டார்கள்.

பதினோராம் எண் கூண்டு

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நமக்குப் பழகிய செய்தி. ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. பலருக்குத் தெரியாதது பதினோராம் எண். அது புயலின் பலத்தைச் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் மோசமான வானிலைக்கு வாய்ப்பிருக்கிறது என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று பொருள்.

எனக்கு இந்தக் கூண்டு மேல் தனி மரியாதை உண்டு. 'எனக்குத் தகவல் வரவில்லை' என்பதையே ஒரு தகவலாகச் சொல்ல ஒரு குறி வைத்திருக்கிறார்களே! நிலவரப் பக்கங்களில் இது அநேகமாக இருப்பதில்லை. கண்காணிப்பு இயந்திரமே படுத்துவிட்டால் பக்கம் கடைசியாகத் தெரிந்த பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும். அப்படி விடாமல், குறிப்பிட்ட நேரம் செய்தி வரவில்லையென்றால் சாம்பல் நிறம், 'இப்போதைய நிலை தெரியவில்லை' என்று ஒரு வரி. கூடவே எப்போதும் 'கடைசியாகப் பார்த்தது: காலை 10.05' என்று நேரம். நேரம் போடாத பச்சையை நம்பாதீர்கள், எந்த நிறுவனத்தின் பச்சையாக இருந்தாலும்.

கூண்டிடம் ஒரு குறையும் உண்டு. அது கப்பல்காரர்களுக்கான குறி. கரையில் இருக்கும் நமக்கு 'எண் கூடினால் ஆபத்து கூடும்' என்பதைத் தாண்டி ஒன்றும் விளங்காது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வட்டங்களும் அப்படித்தான். நிறத்தின் பக்கத்தில் எழுத்து இருந்தே ஆக வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களும் நம் வாடிக்கையாளர்கள்தான். அப்புறம், அந்த எழுத்து தமிழில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எல்லாரும் கும்பகோணம், மாயவரம், திருவாரூர் கடைக்காரர்கள். பக்கம் முழுக்க ஆங்கிலம். எங்கள் பழைய பக்கத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

என்ன எழுதுவது?

கோளாறு ஒன்று தொடங்கி முடியும்வரை உள்ள மொத்தத்தையும் 'சம்பவம்' என்று இத்துறையில் சொல்வார்கள். அதற்கு நான்கு கட்டம். பார்த்துக்கொண்டிருக்கிறோம், காரணம் தெரிந்துவிட்டது, சரிசெய்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், முடிந்தது.

கரை உடைப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த நான்கும் தெரியும். வயலில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே என்று ஓடுகிறோம். உடைந்த இடம் தெரிகிறது. சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை போட்டு அடைக்கிறோம். அதற்கப்புறம் உடனே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. பெட்ரோமாக்ஸோ டார்ச்சோ வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கசிகிறதா என்று பார்க்கிறோம். இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் நிறுவனங்கள் விழுங்கிவிடுகின்றன. அடைத்த உடனே 'முடிந்தது' என்று அறிவித்துவிட்டு, அரைமணியில் மறுபடி உடைந்ததும் முழிக்கிறார்கள். மதகைத் திறந்த நேரமும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிய நேரமும் வேறு. 'முடிந்தது' என்பதைக் கடைமடைக்காரர் சொல்ல வேண்டும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தது அவசர வேலை. பக்கத்தில் புதிய கதவணை கட்டியது நிரந்தர வேலை. இரண்டுக்கும் இடையில் ஆண்டுகள். சம்பவத்தை எழுதும்போதும் இதைப் பிரித்துச் சொல்லலாம்: 'இப்போதைக்கு வேலை நடக்கும். நிரந்தரமாகச் சரிசெய்வது ஞாயிற்றுக்கிழமை.' யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து, எல்லாரும் திட்டிய பிறகு, நாங்கள் போட்ட வரி இது:

'தொழில்நுட்பக் காரணங்களால் சில பயனர்களுக்குச் சிறிய தாமதம் ஏற்படக்கூடும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

ஒவ்வொரு சொல்லும் தப்பு. சில பயனர்கள் இல்லை, எல்லாருமே. சிறிய தாமதம் இல்லை, முழு நிறுத்தம். 'ஏற்படக்கூடும்' என்ன, ஏற்பட்டே விட்டது. தொழில்நுட்பக் காரணம் அல்லாமல் வேறென்ன, பில்லி சூனியமா? அதற்குப் பதில், தொடக்கத்திலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும்:

'காலை 10.20 முதல் புதிய பில் பதிவாகவில்லை. எல்லாக் கடைகளுக்கும் இதே நிலை. கோளாறு எங்கள் பக்கம். உங்கள் இணையத்தில் அல்ல, மோடத்தை அணைக்க வேண்டாம். பழைய பில்களைப் பார்க்கலாம், அச்சிடலாம். அதுவரை பில்லைக் கையால் எழுதிக்கொடுங்கள். சரியானதும் இன்றைய தேதியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த தகவல் 11.10 மணிக்கு.'

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வாக்கியம். எப்போது சரியாகும் என்று நமக்கே தெரியாது. வாக்குக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம். அடுத்து எப்போது பேசுவோம் என்பது நம் கையில் இருக்கிறது. திருவாரூர் பேருந்து நிலையத்தில் 'தஞ்சாவூர் வண்டி எப்ப வரும்' என்று கேட்டால் 'வரும், வரும்' என்பவர் மேல் எரிச்சல் வருகிறது. 'நீடாமங்கலம் கேட்ல நிக்குது' என்று ஒருவர் சொன்னால், வண்டி அப்போதும் வரவில்லைதான், ஆனால் நாம் போய் ஒரு டீ குடிக்கலாம். ஆகவே 11.10 வந்ததும், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் எழுத வேண்டும்: 'இன்னும் சரியாகவில்லை. அடுத்த தகவல் 11.40.'

தெரியாததை எழுதக் கூடாது. 'உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். சரிபார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

சதவீதம் என்னும் சர்க்கரைப் பாகு

நிலவரப் பக்கங்களில் 'கடந்த மாதம் 99.9 சதவீதம் இயங்கியது' என்று பார்த்திருப்பீர்கள். 30 நாள் மாதத்தில் மொத்தம் 43,200 நிமிடம். 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் நின்றிருக்கிறது. 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம். கேட்க இரண்டும் முதல் வகுப்பு மார்க் போலத்தான் இருக்கின்றன.

எங்கள் சேவை அன்று நின்றது 110 நிமிடம். மாதக் கணக்கில் 99.75 சதவீதம் வந்தது. வழக்கம்போலப் பக்கத்தில் ஏறியது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை அந்தப் பாத்திரக்கடைக்கு என்ன சதவீதம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. சதவீதத்தைப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நின்றது என்ற பழைய சம்பவங்களின் பட்டியலையும் வைக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

முன்கூட்டிச் சொல்லும் நிறுத்தம்

இதை மின்வாரியம் நமக்குப் பழக்கிவிட்டது: பராமரிப்புப் பணிக்காக நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை இந்தத் தெருக்களில் மின்சாரம் இருக்காது. நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கிறது; நாம் முதல் நாளே மாவு அரைத்துவிடுகிறோம். ஆன்லைன் சேவையிலும் அதேதான். நாள் குறிக்கும் முன் தினசரி காலண்டரைக் கிழித்துப் பாருங்கள் என்பது மட்டும் என் கூடுதல் யோசனை. வெளிநாட்டு மென்பொருள்காரர்களுக்கு முகூர்த்த நாள் தெரியாது, நமக்குத் தெரியும்.

வெளியே சொன்னால் பேர் கெடாதா?

எங்கள் முதலாளி கேட்ட கேள்வி இது. அவருக்கு நான் சொன்னது, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் கதை. 2017 ஜனவரி 31-ல் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் நின்றுகொண்டு நிஜக் கணக்கையே அழித்துவிட்டார். காப்பு நகல்களைத் தேடினால் ஒன்றும் ஒழுங்காக இல்லை. சுமார் ஆறு மணி நேரத் தகவல் போய்விட்டது. அவர்கள் மறைக்கவில்லை. மீட்கும் வேலையைக் குறித்துவைத்த ஆவணத்தை எல்லாரும் படிக்கும்படி திறந்து வைத்து, யூடியூபில் நேரலையும் விட்டார்கள். திட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்த நிறுவனம் மூடிப்போகவில்லை. இன்றும் அந்தக் கதையை மரியாதையோடுதான் இத்துறையில் சொல்கிறார்கள்.

சொல்லக் கூடாததும் உண்டு. எந்த ஓட்டை வழியாக ஒருவன் நுழைந்தான் என்பதை அடைக்கும்முன் எழுதக் கூடாது. தவறு செய்த ஊழியரின் பெயர் எக்காலத்திலும் வேண்டாம். ஒரே ஒரு கடைக்கு மட்டும் பிரச்சினை என்றால் பக்கத்தில் போடுவதைவிட அவருக்குப் போன் செய்வது மேல்.

எல்லாம் அடங்கிய பிறகு, என்ன நடந்தது, ஏன், இனி நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று ஒரு பின்குறிப்பு எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர்; தமிழில் அப்படியே சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள். எங்கள் பத்தாயக் கதையை நாங்களும் எட்டு வரியில் எழுதிப் போட்டோம்.

எங்கிருந்து தொடங்குவது?

பெரிய செலவில்லை. அட்லாசியனின் ஸ்டேட்டஸ்பேஜ் போல ஆயத்தமாகக் கிடைக்கும் சேவைகள் இருக்கின்றன. இலவசமாக வேண்டும் என்றால் அப்டைம் கூமா என்ற திறமூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் எடுத்துப் பயன்படுத்தவும் திறந்துவைத்த மென்பொருள், இருக்கிறது. கண்காணிப்பு, பக்கம் இரண்டையும் செய்யும். ஆனால் அதை உங்கள் சேவை ஓடும் அதே சர்வரில் நிறுவிவிடாதீர்கள். இதுவும் முடியாவிட்டால் வேறு இடத்தில் ஒரே ஒரு வெற்றுப் பக்கம், அதில் கையால் மாற்றும் நான்கு வரி. பொய் சொல்லும் தானியங்கிப் பக்கத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பக்கத்தின் முகவரி யாருக்கும் நினைவிருக்காது. நாங்கள் அதைச் சின்ன ஸ்டிக்கராக அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் திரைக்குக் கீழே ஒட்டினோம், எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில். விரும்புகிறவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போகவும் ஏற்பாடு செய்தோம்.

ஐப்பசியில் மறுபடி ஒருமுறை நின்றது. இந்த முறை எங்களுக்கு சர்வர் இடம் கொடுக்கும் நிறுவனத்தின் கோளாறு. பத்து நிமிடத்துக்குள் பக்கத்தில் வரி ஏறிவிட்டது, கடைசியில் அடுத்த தகவல் 4.30-க்கு என்று போட்டிருந்தோம். போன் அடித்தது. பாத்திரக்கடை அண்ணன்தான்.

"தம்பி, நாலரைன்னு போட்டிருக்கீங்க. இப்ப மணி நாலு முப்பத்திமூணு."